ஆயிரம் காயில் சுற்றிய பெண்கள்

இயேசு மரி சூசை

புதூர், அம்பத்தூர்
14-9-1995

என் அன்புள்ள கணவர் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு உங்கள் ஞானகுமாரி எழுதுவது. மாமா, ஜெசிந்தா, நான் மூவரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது.

போட்டோவும் கடிதமும் சனிக்கிழமை வந்தன. நீலத் தொப்பி போட்ட பெண்களுக்கு நடுவில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறீர்கள். தொந்தி வேறு எட்டிப் பார்க்கிறது. மூன்று வேளையும் அரிசிச் சோறு, புளி விட்ட மீன், ஊரெல்லாம் கருவாட்டு வாசனை என்று எழுதிவிட்டு, கடைசியில் 'உன் சமையல் ஞாபகமாகவே இருக்கிறது' என்று ஒரு வரி. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஊர் பேரே ரொசாரியோவாம், ஜெபமாலை என்று அர்த்தமாம். அங்கேயும் ஞாயிறு பூசைக்குப் பிரசங்கம் முடிந்த பிறகுதான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போட்டோவைக் கம்பெனி கேட்டுக்கு எடுத்துப் போனேன். அத்திப்பட்டு நாகம்மாள், அதுதான் நம் ஏழாம் நம்பர் மெஷின்காரி, வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, உன் ஊட்டுக்காரு கோபியருங்க நடுவுல நின்னுகினு கீறாரு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் போட்டோவை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தோம். ஏனென்றால் அந்தப் பெண்களுக்குப் பின்னால் தெரிகிறதே, அது எங்கள் மெஷின். நான் பதினோரு வருஷம் உட்கார்ந்த மெஷினில் எவளோ உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறாள். அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் புருஷன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போகச் சொன்னதே நான்தான். மெஷினோடு பிலிப்பைன்ஸுக்குப் போய் ஒரு வருஷம் லைனை ஓட்டிக் கொடு, இல்லாவிட்டால் உனக்கும் இங்கே வேலை கிடையாது என்று கம்பெனி சொன்னபோது வேறென்ன செய்ய முடியும்? ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலை இழந்தால் உலை எப்படிக் கொதிக்கும்? எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். தெரிந்து சொன்னதற்கும் வயிறு எரியும்.

இங்கே நிலவரம் மாறவில்லை. மெஷினோடு போன எங்கள் வேலை போனது போனதுதான். வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் தினமும் காலையில் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்காருகிறோம். மோட்டார் பூட்டுகிற அசெம்பிளியில் ஆள் குறைவாக இருக்கிறது, அங்கே எங்களைப் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பர்சனல் மேனேஜர் இராமகிருஷ்ணன் ஒரே பாட்டைப் பாடுகிறார். பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒரு ஷிப்டுக்கு மோட்டார் கம்பிச் சுருள், ஆயிரம் காயில் சுற்றுகிறார்கள், நீங்கள் அறுநூறைத் தாண்டவில்லை, மெதுவாக வேலை செய்பவர்களை எந்த செக்‌ஷனிலும் வைத்துக்கொள்ள முடியாது என்கிறார். ஜனவரியில் நோட்டீஸ் போர்டில் அந்த ஆயிரத்தை எழுதி ஒட்டினார்களே, அன்றிலிருந்து நாங்கள் பாத்ரூம் போவதைக் கூட விட்டோம். நாகம்மாள் விரலை எனாமல் கம்பி அறுத்தது. அப்படியும் முடியவில்லை.

உங்களைக் கேட்கிறேன். அவர்களுக்கு என்ன நாலு கையா? நம் மெஷினில் கம்பியை இழுத்துப் பிடிக்கிற டென்ஷன் ஸ்பிரிங் தேய்ந்து கம்பி பட்டுப் பட்டென்று அறுந்ததும், புது ஸ்பிரிங் கேட்டுக் கேட்டு உங்கள் வாய் வலித்துப் போனதும் எனக்குத் தெரியும். அங்கே புது ஸ்பிரிங் போட்டுவிட்டார்களா? அதுதான் ஆயிரமா? பெட்டியில் மெஷினை அடைத்து லாரி ஏற்றிய அன்று நாகம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள், நீங்கள் பார்த்தீர்கள். நான் மண்ணை அள்ளவில்லை. ஆனால் மனதுக்குள் ஆமென் சொன்னேன்.

ஜெசிந்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த ஊர்ப் பெண்கள் உங்கள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள், பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேட்டதிலிருந்து இவள் தன் தாத்தாவின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள். மாமா, காய்ச்சலா பார்க்கிறாய் என்று கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொந்தியையும்தான்.

உங்கள்,
ஞானகுமாரி


இயேசு மரி சூசை

புதூர்
9-11-1995

அன்புள்ள உங்களுக்கு, ஞானகுமாரி. மாமாவுக்கு முட்டிவலி மழையோடு வந்து மழையோடு போகவில்லை. மற்றபடி சௌக்கியம்.

உங்கள் கடிதத்தை வேப்பமரத்தடியில் சத்தமாகப் படித்தேன். கட்டின மனைவிக்கு எழுதியதை ஊருக்கே படித்தாயா என்று குதிக்காதீர்கள். முதல் பக்கத்தை நானே வைத்துக்கொண்டேன், இரண்டாம் பக்கத்திலிருந்துதான் படித்தேன்.

நீங்கள் சாதாரணமாக ஏதோ எழுதிக்கொண்டு போகிறீர்கள். ஜூலையில் நீங்கள் போய் இறங்கியபோது ஷெட்டுக்கு அப்போதுதான் கூரை போட்டு முடித்திருந்தார்கள், தரையில் சிமெண்டு ஈரம் காயவில்லை, நம் பெட்டிகளை வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள், அந்தக் கம்பெனிக்கு அதற்கு முன் அந்த நாட்டில் வைண்டிங் வேலையே கிடையாது என்று. நான் அந்த வரியைத் தாண்டி நாலு வரி படித்துவிட்டேன். தையல் டீச்சர் மாதிரி நாகம்மாள்தான் நிறுத்தினாள். "குமாரி, இன்னோரு தபா படி" என்றாள். படித்தேன். "ஜூலைலதான் கூரையே போட்டாங்கன்னா, ஜனவரில ஆயிரம் காயிலு எவ சுத்துனா?"

அவ்வளவுதான். இல்லாத ஷெட்டில், இல்லாத மெஷினில், இல்லாத பெண்கள் சுற்றிய ஆயிரத்தோடு நாங்கள் நாலு மாதம் போட்டி போட்டிருக்கிறோம்! கேட்கவே தோன்றவில்லையே எங்களுக்கு. போர்டில் எழுதி, கீழே கையெழுத்தும் சீலும் இருந்தால் வேதவாக்கு என்று நம்பிவிட்டோம். ஜெபமாலை சொல்லும்போதுகூட அந்தப் பெண்களைத் திட்டிக்கொண்டே மணி உருட்டியிருக்கிறேன்.

அடுத்த பக்கம் அதற்கு மேல். அங்கே இப்போதும் முந்நூறுதான் ஓடுகிறது, அதே தேய்ந்த ஸ்பிரிங்தான், அதே பட்டுப் பட்டுதான். ஆனால் அவர்களுடைய சூபர்வைசர், மெட்ராஸில் பெண்கள் ஆயிரத்து இருநூறு சுற்றினார்கள், அவர்கள் மெஷினை வைத்துக்கொண்டு உங்களால் முடியாதா, வெட்கமாயில்லையா என்று கேட்டானாம். லைன் லீடர் டெலியா சாப்பாட்டு நேரத்தில் அழுதுகொண்டே, உங்கள் மனைவியும் ஆயிரத்து இருநூறு சுற்றினாளா அண்ணா என்று உங்களிடம் கேட்டாளாம். ஐயோ, என் தாயே! இங்கே அவர்களைக் காட்டி எங்களை விரட்டினார்கள், அங்கே எங்களைக் காட்டி அவர்களை விரட்டுகிறார்கள். வேப்பமரத்தடியில் முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். வாட்ச்மேன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

நீங்கள் டெலியாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. சூபர்வைசர் வந்துவிட்டான், பேச்சு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அப்புறம் அந்தச் சந்தனப் பொட்டு. போன வருஷம் ஆயுதபூஜைக்கு நாகம்மாள் ஏழாம் நம்பர் மோட்டார் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் கடல் தாண்டியும் அழியவில்லையாமே. பெட்டியைத் திறந்ததும் டெலியா அதைப் பார்த்து, இரத்தமா என்று கேட்டாளாம். நீங்கள், இல்லை, இதில் வேலை செய்தவர்கள் வைத்த ஆசீர்வாதம் என்றீர்களாம். அதிலிருந்து தினமும் காலையில் அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் சுவிட்சைப் போடுகிறாளாம். இதை நான் படித்தபோது நாகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் கேட்டுக்கு வரவில்லை. திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தாளாம். "நா வுட்ட சாபத்த ஆத்தாகிட்ட வாபஸ் வாங்கிகினேன். பாவம், அதுங்களும் நம்மள மாறியே ஏமாந்துகினு கீதுங்க" என்றாள். சாபத்தை வாபஸ் வாங்கிய முதல் பொம்பளை இவளாகத்தான் இருக்கும்.

டெலியா உங்கள் பெயருக்கு அர்த்தம் கேட்டாள் என்று இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பெயரில் கிறிஸ்து வெளியூர்க்காரர், ராஜா உள்ளூர்க்காரர் என்று விளையாட்டாகச் சொன்னீர்களாம். அவள் சிரிக்கவில்லை. எங்கள் பெயர் ஸ்பெயின்காரன் கொடுத்தது, இங்கிலீஷ் அமெரிக்காக்காரன் கொடுத்தது, வேலை ஜப்பான்காரனோ கொரியாக்காரனோ கொடுப்பது, வீட்டுக்குப் பணம் சவுதியிலிருந்து வருவது, இதில் நாங்கள் என்று எதைக் காட்டுவது என்றாளாம். லைனில் சொந்த பாஷை பேசினால் அபராதம் வேறு. டீச்சருக்குப் படித்தவளாம். அவள் அம்மா ஹாங்காங்கில் இன்னொருத்தர் பிள்ளையை வளர்த்து இவளைப் படிக்க வைத்தாளாம். எங்கள் நாட்டு ஏற்றுமதியில் முதல் சரக்கு எங்கள் அம்மாக்கள்தான் என்றாளாம். எழுதும்போதே உங்கள் கை நின்றிருக்கிறது, எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் கையை எடுத்து நெற்றியில் வைக்கிறாளே, அது எந்தக் கப்பலில் வந்தது? யாரோ ஒரு அத்திப்பட்டுக்காரி வைத்த பொட்டைத் துடைக்காமல் வைத்திருக்கிறாளே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதுதான் அவள். எனக்கு இதற்கு மேல் இங்கிலீஷில் வராது, நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். நம் கதை மட்டும் என்ன வாழ்கிறது? தெருமுனையில் இருந்த பூட்டுக் கம்பெனி மூடி வெளிநாட்டு டெலிவிஷன் வைக்கிற குடோன் ஆகிவிட்டது. பூட்டு செய்த ஆட்கள் அங்கேயே பெட்டி தூக்குகிறார்கள். ஜெசிந்தா மங்கள வார்த்தை ஜெபத்தைப் பாதியில் மறக்கிறாள், சோப்பு விளம்பரத்தைப் பிசகாமல் பாடுகிறாள்.

கேஸ் தேனாம்பேட்டை லேபர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. ஜனவரி நோட்டீசையும் ஜூலைக் கூரையையும் மனுவில் சேர்த்துவிட்டோம். ஸ்பிரிங் தேய்ந்ததால்தான் கம்பி அறுந்தது, எங்கள் கை மெதுவாக இல்லை என்றும் எழுதியிருக்கிறோம். அதற்குச் சாட்சி யார் என்று கேட்டார்கள். நாகம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் நீங்கள்தானே.

மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே புயல் என்று ரேடியோவில் சொன்னால் எனக்குத் தூக்கம் போகிறது.

உங்கள்,
ஞானகுமாரி


இயேசு மரி சூசை

புதூர்
2-1-1996

அன்புள்ள உங்களுக்கு, பிறந்த வருஷம் எங்கள் மூவரையும் உங்களோடு சேர்த்து வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள், வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தால் பண்டிகையை நீட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நம் வீட்டு நட்சத்திரத்தை இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் கட்டினேன். வழக்கமாக ஸ்டூலில் ஏறி நின்று என்னைத் திட்டிக்கொண்டே கட்டுவீர்கள். இந்த வருஷம் திட்ட ஆளில்லாமல் கட்டியது கோணலாகவே தொங்கியது.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள்.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் இராமகிருஷ்ணன் சார் கார் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தார். கையில் பிளம் கேக். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நம் நாற்காலியில் உட்கார்ந்தார், காப்பி குடித்தார், ஜெசிந்தாவை எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டார். கேட்டுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்திருந்த ஏழு மாதமும் இந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்ததில்லை.

கேக்கின் விலை இதுதான். உங்களுக்கு அங்கே இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு. குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம், வீடு கம்பெனி கொடுக்கும், ஜெசிந்தாவுக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஸ்கூல். அதற்கு நீங்கள் ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்பத்தூரில் மெஷினில் குறை எதுவும் இல்லை, பெண்கள் கவனமில்லாமல் ஓட்டியதால்தான் கம்பி அறுந்தது, உற்பத்தி குறைந்தது என்று. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டரே அப்படி எழுதிவிட்டால் லேபர் ஆபீசில் எங்கள் மனு நிற்காது. ஒருத்திக்கும் அசெம்பிளியில் வேலை கிடைக்காது. இதை அவர் சொல்லவில்லை. அவர், ஒரு சின்ன ஃபார்மாலிட்டிம்மா என்றார். உங்களுக்கும் அங்கே சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நீங்கள் உங்கள் கடைசிக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதிய பிறகு சொன்னார்களோ என்னவோ.

மாமாவுக்கு நீட்டிப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. "கையெழுத்து போட்டா இன்னா, கை தேஞ்சா பூடும்? அந்தப் பொம்பளைங்களா நமக்கு சோறு போடப் போறாங்க?" என்கிறார். டிப்போவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எவ்வளவு ஸ்டிரைக் பார்த்தவர். வயதானால் பயம் வந்துவிடுகிறது. பிள்ளை வேலையில்லாமல் திரும்பி வந்து நிற்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஆசை வந்தது. நீங்கள் அனுப்பிய கடற்கரை போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். இரண்டு அறை வீடு, காலையில் நீங்கள் போவதற்கு முன் உங்களுக்குச் சோறு கட்டித் தருவது, மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவது. ஜெசிந்தாவுக்கு அங்கே போட எத்தனை கவுன் வேண்டியிருக்கும் என்று துணி அளந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அளந்துவிட்டு நாகம்மாள் முகத்தில் விழிக்க முடியாமல் இரண்டு நாள் ஜுரம் என்று சொல்லிப் படுத்திருந்தேன். அவள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கேட்டில் யாருக்கும் தெரியாது. டெலியா எப்படி இருக்கிறாள்? ஆறு மாதம் முடிவதற்குள் ஆளை நிறுத்திவிட்டு வேறு ஆளை எடுக்கிறார்கள், நிரந்தரம் என்று யாரும் கேட்கக் கூடாதே என்று, அவளுக்கும் கணக்கு முடிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கேஷுவல் பையன்களை நிறுத்தி நிறுத்தி எடுப்பார்களே, அதே வித்தைதான். வித்தைக்கு மட்டும் பாஸ்போர்ட்டும் வேண்டாம் விசாவும் வேண்டாம்.

உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். பிப்ரவரி நடுவில் விசாரணை.

உங்கள்,
ஞானகுமாரி


இயேசு மரி சூசை

புதூர்
11-2-1996

அன்புள்ள உங்களுக்கு, இந்தக் கடிதத்தைப் பட்டரவாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் மாமா பார்ப்பார். ரயில் போகும்போதெல்லாம் எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வானிலை. கடைசியில், 'நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன், எனக்கு உன் சந்தோஷம்தான் முக்கியம்' என்று எழுதிவிட்டீர்கள். அடடா, எவ்வளவு நல்ல புருஷன்! கல்யாணப் புடவை நிறத்திலிருந்து மாமாவின் கண் ஆபரேஷன் வரை எதைத்தான் நீங்கள் என் தலையில் கட்டவில்லை? அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்தீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றீர்கள். பூத்துக்காரர் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டே நின்றோம். அவ்வளவு தூரத்திலிருந்து உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது.

கடிதத்தில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நம் மெஷின் வந்த மரப்பெட்டிகளை விறகுக்குக் கேட்டபோது அங்கத்திய மேனேஜர் கொடுக்கவில்லை, நம்பர் போட்டு ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டு வைக்கச் சொல்லிவிட்டார் என்று. கஞ்சத்தனம் என்று நினைத்தீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் சாமான் கட்டிவந்த சாக்கை மடித்துப் பத்திரமாக வைத்தால் அந்த வீட்டில் அவர்கள் நிலைக்கப் போவதில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, அதைவிடக் கூலி குறைந்த ஊர் ஒன்று கிடைக்கும். அங்கேயும் எவளோ ஒருத்தி ஆயிரத்து ஐந்நூறு சுற்றுவதாக டெலியா இருந்த இடத்தில் எழுதி ஒட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளையும் சோம்பேறிகள் என்று எழுதித் தர ஒரு ஃபிட்டர் வேண்டியிருக்கும். ஒரு தடவை எழுதிப் பழகியவரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடப் போகிறார்கள்?

டெலியா ஹாங்காங் போய்விட்டாள் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத பெண், ஆறு மாதத்துக்கு முன்னால் அவளைக் கரித்துக் கொட்டினேன். மூன்று வயதுப் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். டீச்சர் படிப்பு, காயில் வேலை, கடைசியில் அவள் அம்மா பாத்திரம் கழுவிய ஊரிலேயே இவளும் கழுவப் போயிருக்கிறாள். புறப்படும் முன் உங்களிடம் வந்து, மெட்ராஸ் பெண்கள் உண்மையில் எத்தனை சுற்றினார்கள் என்று மறுபடியும் கேட்டாளாம். இந்தத் தடவை சொல்லிவிட்டேன், அறுநூறு, அதுவும் புதுக் கம்பி வந்த நாளில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்களை நான் மன்னித்தேன். அவள் உங்கள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனாளாமே. அந்தக் கைதானே பேனா பிடிக்கிற கை?

இப்போது வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வாட்ச்மேன் டீ குடிக்க வந்தவர், உள்ளே கேட்டதை வெளியே கொட்டிவிட்டார். "இன்னாத்துக்கு வெயில்ல குந்திகினு கீறீங்க? புதன்கெழமையோட உங்க கேசு க்ளோஸு. உங்க ஃபிட்டரே எழுதிக் குடுக்கப் போறாராம், நீங்க தூங்கி வழிஞ்சதாலதான் கம்பி அறுந்துச்சுன்னு. அவரு பேமிலியோட பிளேன்ல பறக்கப் போறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாகம்மாள் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, கம்பி அறுத்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "நெஜமாம்மா குமாரி?" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் அம்மா என்று சொன்னதுதான் என்னைக் கொன்றது.

நான் எழுந்து நின்றேன். எழுதித் தரச் சொல்லிக் கம்பெனி கேட்டது உண்மை என்றேன். கேக் வந்தது, அதை என் மகள் தின்றாள், அதுவும் உண்மை. ஆனால் என் வீட்டுக்காரர் எழுதித் தரமாட்டார் என்றேன். ஸ்பிரிங் வேண்டும் என்று இரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் வாசலில் நின்றவர் அவர், ஒவ்வொருத்தி மெஷினிலும் அறுந்த கம்பியைக் குனிந்து பூட்டியவர் அவர், உங்களில் ஒருத்தியைக்கூட ஒரு நாள் சோம்பேறி என்று சொன்னதில்லை, அந்த மனுஷர் எழுதித் தரமாட்டார் என்றேன். வாட்ச்மேனுக்கும் கேட்கட்டும், உள்ளே போய்ச் சொல்லட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். நாகம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதினீர்கள் அல்லவா, சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் நீட்டிப்பு கிடையாது, இங்கே வந்தாலும் உங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மாமா என்னோடு பேசமாட்டார். ஜெசிந்தாவைப் புது ஸ்கூலில் சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டருக்கு ஏதாவது ஒரு பட்டறை கதவைத் திறக்கும். திறக்காவிட்டால் என் தையல் மெஷின் இருக்கிறது. அதற்கு ஸ்பிரிங் மாற்றித் தர நீங்கள் இருந்தால் போதும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது புதன்கிழமை கடந்திருக்கும். நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. போனில் அதைத்தான் கேட்க நினைத்தேன், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். புதன்கிழமை காலையில் நாகம்மாளும் நானும் தேனாம்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறோம். அவர்கள் பையிலிருந்து என்ன தாள் எடுக்கிறார்கள் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

அதில் உங்கள் எழுத்து இருக்கக் கூடாது. அவ்வளவுதான் ஆண்டவரிடம் கேட்கிறேன். வேலையைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. பதினைந்து பெண்கள் முன்னால் என் புருஷன் இப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன ஆளாகவே வந்து சேருங்கள்.

பயணத்தில் காவல் தூதர் உங்களுக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும்.

உங்கள் மனைவி,
ஞானகுமாரி